முனைக்குப் போன வீடு

நியூஃபவுண்ட்லாந்தின் தென்கரையில், எங்கள் பிட்மன் துறையில், வீடு என்பது கட்டிய இடத்திலேயே நின்றாக வேண்டிய பொருள் அல்ல. கிணறு உப்புக் கரித்தால், அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றால், கட்டிக்கொண்டு வந்தவள் தாய்வீட்டுப் புகையைப் பார்த்தபடி இருக்க ஆசைப்பட்டால், மார்ச் மாதத்துப் பனி இறுகும்வரை பொறுத்திருப்போம். பிறகு வீட்டை அதன் மரக்கால்களிலிருந்து இறக்கி, அடியில் இரண்டு நீண்ட மரங்களைச் சறுக்குக் கட்டைகளாகக் கொடுத்து, காட் மீன் எண்ணெயைத் தடவி, பாய்க்கப்பலின் வடத்தைக் கட்டி இழுத்துக்கொண்டு போவோம். துறை முழுக்க வடம் பிடிக்கும். இழுபடும் வீட்டில் அடுப்பை அணைப்பது எங்களிடம் குறைச்சல். கெட்டில் கொதித்துக்கொண்டே வரும். போய்ச் சேர்ந்ததும் வீட்டுக்காரி அலமாரியைத் திறந்து பார்த்து, ஒரு கோப்பைகூட உடையவில்லை என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருப்பாள்.

அதனால் கெசையா டர்ன்ஃபர்ட் தன் வீட்டை நகர்த்த வேண்டும் என்றபோது யாரும் ஆச்சரியப்படவில்லை. முனைக்கு என்றதும்தான் ஆச்சரியப்பட்டோம். முனையில் காற்று இருக்கிறது. குட்டைப் புதர்கள் இருக்கின்றன, அவையும் காற்றுக்குப் பயந்து தரையோடு படுத்திருக்கும். வேறொன்றும் இல்லை.

காரணம் செலினா. கெசையாவின் கணவன் அம்ப்ரோஸ். அவன் அண்ணன் ஜேபெஸ். ஜேபெஸின் மனைவி செலினா. அப்பன் பிரித்துக் கொடுத்த துண்டு நிலத்தில் அண்ணன் வீடும் தம்பி வீடும் ஒட்டிக்கொண்டு நின்றன. இந்தச் சன்னலிலிருந்து நீட்டிய கை அந்தச் சன்னலுக்குள் உப்பு கொடுத்துவிடும். செலினா வெங்காயம் வதக்கினால் கெசையாவுக்குக் கண் எரியும். செலினா கெட்டவள் இல்லை. காது கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். காலையில் கெசையா புருஷனிடம் ஏதாவது கேட்டால், மத்தியானம் செலினா அதற்குப் பதில் சொல்லுவாள்.

ஆகவே, கல்யாணமாகி இந்தத் துறைக்கு வந்த வாரத்திலிருந்தே கெசையா கிசுகிசுத்துப் பேசப் பழகிக்கொண்டாள். பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. கடையில் மாவு கேட்பதும் கிசுகிசுப்பு, தேவாலயத்தில் பாடுவதும் கிசுகிசுப்பு. கடவுள் அவளுக்கு அளந்த குரலே அவ்வளவுதான் என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

வீடு இழுக்க வேண்டுமென்றால் முதலில் ஓபெட் மாமாவிடம் போய்ச் சொல்ல வேண்டும். வடப் பாட்டு அவருடையது. அவர் அடி எடுத்துக் கொடுக்காமல் எங்கள் துறையில் ஒரு படகும் கரையேறியதில்லை.

“முனையில என்ன இருக்குன்னு போற பொண்ணு?” என்றார் ஓபெட் மாமா.

“ஒண்ணுமில்ல. அதுக்குத்தான்.”

“என்னது? சத்தமாச் சொல்லு.”

“சத்தமாச் சொல்றதுக்குத்தான் போறேன் மாமா.”

அதுவும் அவர் காதில் விழவில்லை. சரி என்று தலையாட்டினார்.

என் மனைவியிடம் மட்டும் கெசையா விளக்கமாகச் சொல்லியிருந்தாள். இருவரும் கம்பளி நூல் சுற்றிக்கொண்டிருந்தார்களாம். “எனக்குப் பெருசா ஒண்ணும் வேணாம்டி. செத்துப் போறதுக்குள்ள ஒரு தடவை என் புருஷனைத் தொண்டை தொறந்து திட்டணும். யாரும் கேக்காத இடத்துல நின்னு திட்டணும். இத்தனை வருஷமா உள்ளயே வெச்சிருக்கேன், நெஞ்சுல கல்லு மாதிரி கிடக்கு.”

“அம்ப்ரோஸ் அப்படி என்ன பண்ணிட்டான்?” என்று என் மனைவி கேட்டாள்.

“ஒண்ணும் பண்ணல. அதைத்தான் முதல்ல திட்டணும்.”

அம்ப்ரோஸ் நெட்டையான, ஒல்லியான மனிதன். பேச்சு குறைவு. படகில் நாள் முழுக்கத் தூண்டில் போட்டுக்கொண்டு ஒரு சொல்லும் சொல்லாமல் இருப்பான். கரை வந்து, கயிற்றைக் கட்டி, “ம்” என்பான். அன்றைய பேச்சு அதோடு முடிந்தது. அந்தக் குளிர்காலத்தில் அவனுக்கு ஒரு கிறுக்கு பிடித்திருந்தது. உடம்பின் பலத்தைப் பெருக்குவதற்கென்று பாஸ்டனிலிருந்து தபாலில் ஒரு பயிற்சியை வரவழைத்திருந்தான். படம் போட்ட தாள்கள். அதைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவனுக்கு வாய் வந்தது.

“மனுசன் உடம்புல இருக்கிற பலத்துல மூணுல ஒரு பங்குதான் வெளிய வருது,” என்று கடையில் எங்களிடம் சொன்னான். “மிச்சம் ரெண்டு பங்கு உள்ள தூங்குது. மூச்சை அடக்கித் தட்டி எழுப்பணும்.”

“உனக்குள்ள அது தூங்கல தம்பி,” என்றான் ஜேபெஸ். “வந்து பாத்துட்டு, இடம் பத்தாதுன்னு அப்பவே போயிருச்சு.”

அம்ப்ரோஸ் கோபப்படவில்லை. தாளை மடித்து உள்பையில் வைத்துக்கொண்டான்.

இழுத்த முதல் நாள் நன்றாகத்தான் போனது. வெயில் இருந்தது, பனி கண்ணாடியாக இருந்தது. ஓபெட் மாமா அடியெடுத்தார், நாங்கள் கத்தினோம், இழுத்தோம். வீடு கிறீச்சிட்டுக்கொண்டு, புகைபோக்கிக் குழாயில் புகைவிட்டபடி, கல்யாணத்துக்குப் போகும் கிழவி மாதிரி ஆடி ஆடி வந்தது. செலினாவும் வடம் பிடித்தாள். அவள் கண்ணீர் விட்டாள் என்றும் சொல்வார்கள். பக்கத்துச் சன்னல் போனால் யாருக்குத்தான் துக்கம் வராது.

இருட்டுவதற்குள் வீடு கழுத்துக்கு வந்துவிட்டது. கழுத்து என்பது துறைக்கும் மீன்துறைமுகத்துக்கும் நடுவிலிருக்கும் ஒடுங்கிய வழி. ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் கடல். அதைத் தாண்டினால் ஒரு சரிவு, சரிவின் உச்சியில் முனை. மிச்சத்தை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓபெட் மாமா சொன்னார். போய்த் தூங்கினோம். கடுங்குளிர் விழுந்தது. விடியும்போது சறுக்குக் கட்டைகள் பனியோடு பனியாக ஒட்டிக்கொண்டிருந்தன. வெட்டிப் பார்த்தோம், கொதிநீர் ஊற்றினோம், இழுத்தோம். வீடு அசையவில்லை.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தோம். வீடு கழுத்தை அடைத்துக்கொண்டு நின்றது. ஒரு சுவர் பாறையைத் தொட்டது, மறுசுவருக்குக் கீழே கடல். கடலோ பனிக்கூழாகக் கிடந்தது, படகு போகாது. கடை, தேவாலயம், தபால், மீன்துறைமுகம் எல்லாம் அந்தப் பக்கம். நாங்கள் இந்தப் பக்கம். வீட்டின் முன்கதவு துறையைப் பார்த்தது, பின்கதவு கடையைப் பார்த்தது. நடுவில் கெசையாவின் சமையலறை.

முதலில் போனது செலினா. வெல்லப்பாகு வாங்க வேண்டியிருந்ததாம். முன்கதவைத் தட்டி, உள்ளே வந்து, காலைத் துடைத்து, அடுப்பில் என்ன வேகிறதென்று மூடியைத் திறந்து பார்த்து, பின்கதவால் போனாள். திரும்பும்போதும் அப்படியே. “இன்னும் கொஞ்சம் உப்பு போடணும் பொண்ணு,” என்றாள்.

அதன்பின் எல்லோரும் போனோம். வேறு வழியில்லை. எங்கள் துறைப் பெண்களால் வீட்டுக்குள் வந்தவரிடம் “டீ குடிக்கிறீங்களா” என்று கேட்காமல் இருக்க முடியாது. ஆண்களால் “வேணாம்” என்று சொல்ல முடியாது. உட்கார்ந்தால் கட்டி ரொட்டி வரும். அதன் மேல் ஜாம் வரும். பன்றிக்கொழுப்பு பொரியும் வாசனை வந்தால், அது தட்டுக்கு வரும்வரை எழுந்து போவது மரியாதையில்லை. ஜேபெஸ் மாவுப் பீப்பாயை உருட்டிக்கொண்டு போனான். ஒருவர் ஆட்டைக் கூட்டிப் போனார். அது மேசையடியில் படுத்துக்கொண்டு வெகுநேரம் எழவில்லை. மருத்துவச்சி மட்டும் ஒருமுறை குடிக்காமல் ஓடினாள், திரும்பும்போது நின்று குடித்தாள், பிறந்தது பெண் என்றாள்.

அமைதி வேண்டும் என்று புறப்பட்டவள் கெசையா. இப்போது அவளுக்குத் தலை பின்னிக்கொள்ள நேரமில்லை. படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாளாம். அங்கேயும் அடுப்படிப் பேச்சு கேட்கும். அவளுடைய கிசுகிசுப்பு இன்னும் இறங்கி, கடைசியில் உதட்டசைவு மட்டும் மிஞ்சியது.

ஒவ்வொரு நாளும் மத்தியானம் இழுத்தோம். இழுத்தோம் என்றுதான் எல்லோரும் சொன்னோம். ஓபெட் மாமா பாடினார், நாங்கள் கத்தியதில் பாறை எதிரொலித்தது. வீடு அசையவில்லை.

ஒருநாள் அம்ப்ரோஸ் தன் தாள்களைக் கொண்டுவந்தான். வரிசையாக நிற்கவைத்தான்.

“மூக்கால மூச்சை இழுங்க. வயித்துல வைங்க. இப்ப உள்ள தூங்குற பலத்தை நெனைங்க.”

“எந்தப் பக்கம் தூங்குது மகனே?” என்றார் ஓபெட் மாமா. எங்கள் துறையில் எந்த வயதுக்காரனையும் மகனே என்போம். “வலது பக்கமா இடது பக்கமா? தப்பான ஆளை எழுப்பிடக் கூடாதில்ல.”

“கிண்டல் பண்ணாதீங்க மாமா. வயித்துல வைங்க.”

“வயித்துல உன் பொண்டாட்டி குடுத்த ரொட்டி இருக்கு. மூச்சுக்கு இடமில்ல.”

மூச்சை அடக்கினோம். ஜேபெஸுக்கு விக்கல் வந்தது. அம்ப்ரோஸ் மட்டும் முகம் கத்தரிக்காய் நிறமாகும்வரை அடக்கிக்கொண்டு, வடத்தைத் தோளில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு இழுத்தான். மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. கெசையா பின்கதவைத் திறந்து அவனைப் பார்த்தாள். ஈரத்துணியைக் கொடுத்தாள். ஏதோ சொன்னாள், யாருக்கும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் சமையலறை நிறைய நாங்கள் உட்கார்ந்திருந்தோம். வெளியே வடகிழக்குக் காற்று. உப்பு மாட்டிறைச்சியும் முட்டைக்கோஸும் வெந்துகொண்டிருந்தன. கெசையா ஒவ்வொருவருக்காகக் கோப்பை கொடுத்து வந்தாள். அம்ப்ரோஸுக்கு நீட்டியபோது அவனால் பிடிக்க முடியவில்லை. உள்ளங்கை முழுக்கக் கொப்புளம், சில உடைந்திருந்தன. அவள் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு அந்தக் கையையே பார்த்தாள். பிறகு ஜேபெஸிடம் திரும்பினாள்.

“கையைக் காட்டு.”

“எதுக்கு?”

“காட்டு.”

ஜேபெஸ் காட்டினான். அதில் ஒன்றுமில்லை. அடுத்தவனிடம் போனாள். ஒவ்வொருவராக நீட்டினோம். எல்லாம் குழந்தையின் கன்னம் மாதிரி இருந்தன. ஓபெட் மாமா கேட்காமலே கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். “நான் பாடுறவன்,” என்றார்.

கெசையா பேசவில்லை. கெட்டில் மட்டும் சத்தம் போட்டது. அவள் கேள்வி கேட்டிருந்தால் ஏதாவது பொய் சொல்லியிருப்போம். அவள் கேட்கவில்லை. பேசாமல் நிற்பவளிடம் பொய் சொல்வது கஷ்டம். எல்லோரும் அவரவர் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தோம். மேசையடியில் ஆடு ஒருமுறை கத்தியது.

கடைசியில் ஓபெட் மாமாதான் வாயைத் திறந்தார். “வேணும்னு யாரும் பண்ணல பொண்ணு. முதல் ரெண்டு மூணு நாளு நெசமாத்தான் இழுத்தோம். அப்புறம்... இந்தத் துறைக்கும் கடைக்கும் நடுவில காத்துக்கு ஒதுங்க ஒரு சுவரு இருந்ததில்ல. வழியில ஒரு அடுப்பு இருக்கு, ஒரு நாற்காலி இருக்கு, நாலு மூஞ்சி இருக்கு. கையில வடத்தைப் பிடிச்சா கை பிடிக்குது. இழுக்க மாட்டேங்குது.”

“எனக்கும் அப்படித்தான்,” என்றான் ஜேபெஸ். “நான் இழுன்னுதான் சொல்றேன். அது கேக்கல.”

“மூணுல ஒரு பங்குகூட வரலியா?” என்று அம்ப்ரோஸ் கேட்டான். குத்தலாக அல்ல. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

கெசையா இறைச்சியை எடுத்துத் தட்டுகளில் போட்டாள். அன்றைக்கு அந்தச் சாப்பாட்டுக்கு எங்களுக்கு யோக்கியதை இல்லை என்று தெரியும். இருந்தாலும் மிச்சம் வைக்கவில்லை.

மறுநாள் காற்று தெற்குக்குத் திரும்பியது. கூரையிலிருந்து சொட்டியது. அம்ப்ரோஸ் பின்கதவால் இறங்கி, சறுக்குக் கட்டைக்கு அடியில் விரலை விட்டுப் பார்த்தான். விரல் நனைந்து வந்தது.

“பனி விடுது,” என்று மனைவியிடம் சொன்னான். “இந்தக் காத்து தென்கிழக்குக்குப் போனா கடல் தொறந்துடும். தொறந்துட்டா அலை நேரா இங்கதான் வரும். இந்த வீடு தாங்காது.”

“மத்தவங்களுக்குச் சொன்னியா?”

“சொன்னேன். பாவம், ரொம்ப வருத்தப்பட்டாங்க.”

அவள் அடுப்புக்கு வந்தாள். பிறகு கெட்டிலை இறக்கிக் கீழே வைத்தாள். அடுப்பிலிருந்த விறகைக் கிளறிவிட்டு, மாடிக்கு ஏறிப் போனாள்.

நாங்கள் எப்போதும்போல் வடத்தைப் பிடித்து நின்றோம். வீட்டைப் பார்த்தபடி, குதிகாலை ஊன்றி, இழுக்கப் போகிற முகத்தோடு. அம்ப்ரோஸ் கைகளில் துணி சுற்றிக்கொண்டு வீட்டுக்கு அருகே முதல் ஆளாக நின்றான். ஓபெட் மாமா தொண்டையைச் செருமினார். அப்போது மாடிச் சன்னல் திறந்தது.

“நீங்க சும்மா இருங்க ஓபெட் மாமா.”

யார் பேசியது என்று எங்களுக்கு உடனே தெரியவில்லை. பாறையில் உட்கார்ந்திருந்த கடற்பறவைகள் எல்லாம் எழும்பின. புயலில் கப்பலுக்குக் கப்பல் கூப்பிடும் குரல் அது. இவ்வளவு காலம் அது எங்கே மடித்து வைக்கப்பட்டிருந்தது என்று நினைக்கையில் எனக்கு இப்போதும் உடம்பு சிலிர்க்கும்.

“அம்ப்ரோஸ் டர்ன்ஃபர்ட். கல்யாணமான அன்னைக்கு ராத்திரி என்கிட்ட முதமுதலா நீ என்ன சொன்ன?”

அம்ப்ரோஸ் நிமிர்ந்து பார்த்தான். முகம் வெளுத்தது.

“இவங்க எல்லாருக்கும் சொல்லட்டுமா?”

“சொல்லு பொண்ணு,” என்றார் ஓபெட் மாமா.

“வீடு நகந்தா சொல்றேன்.”

சன்னலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். செலினா கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகினாள். உள்ளங்கையில் எச்சில் துப்பித் தேய்த்தாள். “என்ன பாத்துட்டு நிக்கிறீங்க,” என்றாள்.

இழுத்தோம். அடியில் துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். பனி உடைந்து வீடு ஒரு முழம் முன்னால் வந்தது.

“உங்க அக்காவைத்தான் முதல்ல கேட்டேன், அவ மாட்டேன்னுட்டா, அப்படின்னான்,” என்று கெசையா கத்தினாள்.

வடம் முழுக்கச் சிரிப்பு ஓடியது. வடத்திலேயே அது தெரிந்தது, அதிர்ந்தது.

“நெசத்தைத்தான் சொன்னேன்,” என்றான் அம்ப்ரோஸ் கீழேயிருந்து.

“நெசத்தைச் சொல்ற நேரமா அது? இழுங்க. தினம் காலையில மீன் கொட்டகைக்குப் போறான், வலை தைக்கிறான்னு நெனைச்சுட்டிருந்தேன். ஒருநாள் எட்டிப் பாத்தேன். என்ன பண்ணிட்டிருந்தான் தெரியுமா?”

இழுத்தோம். வீடு கழுத்தைவிட்டு வெளியே வந்தது. பின்னால் வழி திறந்ததை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

“சட்டையில்லாம, உடைஞ்ச கண்ணாடி முன்னாடி நிக்கிறான். தன் கையைத் தானே தடவிப் பாத்து, ‘நல்லா வருது அம்ப்ரோஸ்’ன்னு சொல்லிக்கிறான்.”

ஜேபெஸ் சிரித்துச் சிரித்து முழந்தாளிட்டுவிட்டான், வடத்தை மட்டும் விடவில்லை. அவன் கை அப்போதே உரிந்திருந்தது. சரிவு ஆரம்பித்துவிட்டது. மேட்டில் வீடு கனத்தது. ஒருகணம் பின்னோக்கி இழுக்கப் பார்த்தது. கெசையா அடுத்ததைச் சொல்ல வாயெடுத்தபோது, வடத்தின் முன்னாலிருந்து வேறொரு குரல் வந்தது.

“அவ மட்டும் என்னவாம்,” என்றான் அம்ப்ரோஸ்.

அவன் குரலை அந்த அளவில் நாங்கள் கேட்டதில்லை. கெசையாவே கேட்டதில்லை போலும், சன்னலைப் பிடித்துக்கொண்டாள்.

“தூக்கத்துல பேசுறா. என்னோட இல்ல. செலினாவோட. ராத்திரி முழுக்கச் செலினாவைத் திட்டுறா, தூக்கத்துலகூடக் கிசுகிசுன்னு திட்டுறா.”

“என்னன்னு திட்டுறா?” என்றாள் செலினா.

“இழு அண்ணி, சொல்றேன்.”

செலினா அன்று இழுத்த இழுப்பைப் பற்றி எங்கள் துறையில் இன்றும் பேசுகிறார்கள். ஏழு பிள்ளை பெற்றவள். அவளுக்கு முன்னால் நின்ற நான் காலால் இழுக்கவில்லை, அவள் இழுத்ததில் வடத்தோடு சேர்ந்து போய்க்கொண்டிருந்தேன். வீடு சரிவில் பாதியைத் தாண்டியது.

“என் உப்புல கையை வெக்காதடின்னு,” என்றான் அம்ப்ரோஸ்.

“அவ்வளவுதானா?” என்றாள் செலினா, மூச்சு வாங்க.

“மிச்சம் இருக்கு. ஞாயித்துக்கிழமை சொல்ற மாதிரி இல்ல.”

“இன்னிக்குச் செவ்வாய்,” என்றாள் செலினா, வடத்தை இன்னொரு சுற்றுத் தோளில் சுற்றிக்கொண்டு.

கேள்வியும் பதிலுமாகப் போனது. அவள் மேலேயிருந்து ஒன்று, அவன் கீழேயிருந்து ஒன்று. அக்டோபரில் போட்ட கம்பளி உள்சட்டையை அவன் மே மாதம்தான் கழற்றுகிறான் என்றாள். “அது எல்லாரும்தானே” என்று பல குரல்கள் வந்தன. அதற்காக ஒரு இழுப்பு வீணானது. அவள் அவித்த மாவுப் புட்டிங் கல்லாக இருந்ததால் ஒருமுறை படகு நங்கூரத்துக்குப் பதில் அதைக் கட்டினேன் என்றான். பொய், என்றாள் அவள். எந்த வருஷம், என்று கேட்டார் ஓபெட் மாமா. அவரும் வடத்தைப் பிடித்திருந்தார். அவர் எப்போது பிடித்தார் என்று யாரும் பார்க்கவில்லை.

“தூங்குறது எங்கன்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு மகனே,” என்றார் அம்ப்ரோஸிடம். “பாஸ்டன்காரனுக்கு ஒரு கடுதாசி போடு. காதுல தூங்குதுன்னு எழுது.”

கடைசி மேடு மிச்சம். அங்கே பனி உருகிச் சேறாகியிருந்தது. கால் வழுக்கியது. எங்களிடம் இனி ஒன்றுமில்லை, நெஞ்சு கொல்லன் துருத்தி மாதிரி அடித்துக்கொண்டது. கெசையா சன்னலில் குனிந்தாள். குரலைக் கொஞ்சம் இறக்கினாள்.

“பெலோரமுக்கு உப்பு வாங்கப் போனியே, அந்த வசந்தம்.”

எல்லோருக்கும் நினைவிருந்தது. அம்ப்ரோஸ் இடுப்பு நீளத் தாடியோடு பெலோரம் என்ற துறைமுக ஊருக்குப் போனவன், ஒருநாள் தாமதமாகத் திரும்பி வந்தபோது தாடியில்லாமல் வந்தான். யார் மழித்தது, ஏன் மழித்தது, அவனும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. நாங்கள் கேட்காமலிருந்தது இல்லை. எங்கள் துறையில் அதற்கு எத்தனையோ கதைகள் உண்டு, செலினாவிடம் மட்டும் மூன்று இருந்தன.

“உன் தாடி எங்க போச்சுன்னு நீ அன்னைக்கு ராத்திரி என்கிட்ட சொன்னதை நான் இதுவரைக்கும் வாயத் தொறந்து யார்கிட்டயாவது சொல்லியிருக்கேனா?”

“இல்ல,” என்றான் அம்ப்ரோஸ்.

“அதுக்கு நான் என்ன நெனைச்சேன்னு உன்கிட்டயாவது சொல்லியிருக்கேனா?”

“இல்ல.”

“முனைக்குப் போய்ச் சொல்றேன்,” என்றாள்.

அதன்பின் ஓபெட் மாமா பாடவில்லை, யாரும் கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தோம். அந்த வீட்டை எது ஏற்றியது என்று எனக்குத் தெரியாது. சறுக்குக் கட்டை ஒன்று பிளந்தது, யாரும் நிற்கவில்லை. நிற்காமல், உருட்டுக்கட்டையும் இல்லாமல், சேற்றை உழுதுகொண்டு அது மேலே போனது. அது தன் இடத்தில் போய் அமர்ந்தபோது நாங்கள் எல்லோரும் அப்படியே ஈரத்தில் மல்லாந்து விழுந்தோம். கைகளைப் பார்த்தோம். தோலில்லை. கீழே கழுத்தில், நாங்கள் விட்டு வந்த இடத்தில், பனிக்கூழ் பிளந்து கறுப்பாகத் தண்ணீர் தெரிந்தது. முதல் அலை பாறை மேல் ஏறி, நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்த இடத்தை நனைத்துவிட்டுத் திரும்பியது.

செலினா முதலில் எழுந்தாள். “சரி, சொல்லு,” என்றாள் சன்னலைப் பார்த்து.

கெசையா சன்னலைச் சாத்தினாள். கொஞ்ச நேரத்தில் கதவைத் திறந்து வாசலுக்கு வந்தாள். எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தாள்.

“ரொம்ப நன்றி,” என்றாள். “கோப்பை ஒண்ணும் உடையல. போய்ட்டு வாங்க.”

“தாடி?” என்றான் ஜேபெஸ்.

“முனைக்குப் போய்ச் சொல்றேன்னுதான் சொன்னேன். உங்ககிட்டன்னு சொல்லலியே. அம்ப்ரோஸ், உள்ள வா.”

அம்ப்ரோஸ் எங்களைப் பார்த்தான். மன்னிப்புக் கேட்பதுபோலத் தோளைக் குலுக்கினான். உள்ளே போனான். கதவு சாத்திக்கொண்டது.

போகிற மாதிரி கொஞ்ச தூரம் நடந்தோம். சரிவில் இறங்கி, புதர்களுக்குப் பின்னால் நின்றோம். அங்கிருந்து சமையலறைச் சன்னல் தெரிந்தது. அம்ப்ரோஸ் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். கெசையா அவன் முன் நின்று, கையை வீசி வீசி, கழுத்து நரம்பு புடைக்க, இத்தனை வருஷத்தையும் சேர்த்துக் கத்திக்கொண்டிருந்தாள். அவள் வாய் எவ்வளவு அகலமாகத் திறக்கிறது என்று எங்களுக்கு நன்றாகத் தெரிந்தது. நாங்கள் காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம்.

முனையில் காற்று எப்போதும் கடலைப் பார்த்து வீசாது. அன்றைக்குச் சாயங்காலம் திசை மாறி அப்படி வீசியது. ஒரு சொல்கூட எங்கள் பக்கம் வரவில்லை.

“மாறும்,” என்றாள் செலினா. “கொஞ்சம் நில்லுங்க. மாறும்.”

இருட்டும்வரை நின்றோம்.